கருஞ்சாந்து நின்ற இடம்

திங்கட்கிழமை கால்டர் தெருவில் துணி துவைக்கும் நாள். அதே திங்கட்கிழமையில்தான் ஹெட்டி பார்ட்ஸ்லி சாம்பல் சலிப்பாள்.

வேறு நாளில் சலித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எதிர்வீட்டு மியூரியலின் வெள்ளை விரிப்புகள் சந்தின் குறுக்கே கயிற்றில் ஏறிய பிறகுதான் ஹெட்டி சல்லடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். விரலை எச்சில் தொட்டு நனைத்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். தனக்கு வேண்டிய பக்கம் போனால் உட்கார்ந்து சலிக்கத் தொடங்குவாள். ஆலைக் கொதிகலனிலிருந்து அள்ளி வந்த சாம்பல் மெல்லிய கறுப்புப் புகையாக எழுந்து நேராக அந்த விரிப்புகளில் போய்ப் படியும்.

"மிஸஸ் பார்ட்ஸ்லி, காத்து என் பக்கம் அடிக்குது."

"காத்துக்கிட்ட சொல்லுங்க, மிஸ் பார்ட்ஸ்லி."

இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். ஹெட்டி அதைக் கல்யாணம் செய்து பெற்றவள். மியூரியல் அதோடு பிறந்தவள், ஹெட்டியின் கணவன் நோரிஸுக்கு அக்கா. சொந்த நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் மிஸஸ் என்றும் மிஸ் என்றும் அழைத்தால் அது மரியாதை இல்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகத்தில் துப்புவதற்குப் பதிலாகச் செய்வது அது.

இந்தப் பகையின் சின்னம் தெருவுக்குத் தெரியும்படியே நின்றது. மியூரியலின் வீடு வரிசையில் கடைசி வீடு. அதன் பக்கச் சுவர், மேற்கே பார்த்து, வருகிற மழையை எல்லாம் முதலில் வாங்கிக்கொள்ளும் சுவர். அதன் மேல்பாதியில் செங்கல் இடுக்குகள் எல்லாம் கருஞ்சாந்தால் நிறைந்து, மயிர்க்கோடு போல வழுவழுப்பாக இருந்தன. கீழ்ப்பாதியில் சாந்தே இல்லை. விரல் ஆழத்துக்குச் சுரண்டப்பட்டு, பல் விழுந்த வாய் போலத் திறந்து கிடந்தது. நடுவில் ஒரு வரிசையில், பாதி வழியில், சாந்து சட்டென்று நின்றிருந்தது.

அது நோரிஸின் கை நின்ற இடம்.

நோரிஸுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தாய் போய்விட்டாள். மியூரியல்தான் அவனை வளர்த்தாள். கூட்டுறவுக் கடையில் ரொட்டி விற்று, அவனுக்குச் சட்டை தைத்து, தனக்கு வந்த வரன் ஒன்றையும் அவனுக்காகத் திருப்பி அனுப்பியவள். அவன் பஞ்சாலையில் வேலை பார்த்த ஹெட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது அக்கா எதுவும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குச் சாவு வீட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான்.

ஹெட்டிக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆலையை விட்டுவிட்டு நோரிஸோடு வேலைக்குப் போனாள். நோரிஸின் தொழில் பழைய சுவர்களின் இடுக்குகளைச் சுரண்டி எடுத்துப் புதுச் சாந்து அடைப்பது. ஹெட்டி சுண்ணாம்பையும் சாம்பலையும் மணலையும் குழைத்துக் கொடுப்பாள். அவன் மேலே ஏறினால் ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்து நிற்பாள். மது விடுதியில் ஆண்கள் கேலி பேசினார்கள்.

"நோரிஸ், ஏணிக்குக் கீழ பொண்டாட்டியா, காவல்காரியா?"

"ரெண்டும்தான். மேல இருந்து நான் எங்க ஓடறது?"

அப்படிச் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த மனிதன்தான், ஒரு அக்டோபர் மாதம், தன் அக்காவின் பக்கச் சுவரைக் கையிலெடுத்தான். முழுச் சுவரையும் சுரண்டி முடித்தான். உச்சியிலிருந்து சாந்து அடைத்துக்கொண்டு இறங்கினான். மதியம் தாண்டிப் பாதிச் சுவருக்கு வந்தபோது மியூரியல் தட்டில் டீக் கோப்பைகளோடு மூலையில் திரும்பினாள்.

"டீ ஆறுது," என்றாள்.

ஹெட்டி திரும்பினாள். கையை நீட்டினாள். கோப்பை எட்டவில்லை. படியிலிருந்து காலை எடுத்து ஓரடி வைத்தாள். முதுகுக்குப் பின்னால் செங்கல்லில் மரம் உரசுகிற சத்தம் கேட்டது.

ஐயோ, அந்தச் சத்தம். அதன் பிறகு எத்தனையோ ஏணிகளில் ஏறியிருக்கிறாள். ஒன்றையும் அந்தச் சத்தத்தை நினைக்காமல் ஏறியதில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்தபோது மியூரியல் தட்டைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவ காலை எடுத்தா. ஒரு கப் டீக்காகக் காலை எடுத்தா."

ஹெட்டி கூடத்தின் மறுமுனையிலிருந்து சொன்னாள். "டீ ஆறுதுன்னு கூப்பிட்டது யாரு?"

யாரும் அதற்கு மேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஊறுகாய் வெங்காயம் வைத்தபடியே இருந்தது.

அந்தச் சுவரில் வேறு கை படக் கூடாது என்றாள் மியூரியல். என் கை படாது என்றாள் ஹெட்டி. இரண்டும் ஒரே முடிவில் போய் நின்றன. சுவர் பாதியில் கிடந்தது.

ஹெட்டி கணவனின் கரண்டியையும் சாந்துப் பலகையையும் எடுத்துக்கொண்டு தானே ஏறினாள். வயிறு இருக்கிறதே. கால்டர் தெருவில் கடைசியில் அவள் கை படாத சுவர் மியூரியலுடையது மட்டும்தான். அவளுக்கு ஒரு விதி உண்டு. சுவர் யாருடையதோ அவர்தான் ஏணியின் கீழ்ப்படியில் கால் வைத்து நிற்க வேண்டும். வேலை முடிகிறவரை நகரக் கூடாது, பேசலாம், டீ குடிக்கக் கூடாது. வழக்கறிஞர் வீடானாலும் சரி, பாதிரியார் வீடானாலும் சரி. பாதிரியார் மூன்று நாள் நின்றார். ஒருநாள் தும்மியதற்குத் திட்டு வாங்கினார்.

அவள் வாய் அப்படி. எங்கள் தெருவில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. நல்ல வேலைக்காரி என்பார்கள், உடனே குரலைத் தாழ்த்தி வேறு எதையோ சொல்வார்கள்.

இதற்கிடையில் மழை தன் வேலையைச் செய்தது. திறந்த இடுக்குகள் வழியாக ஈரம் உள்ளே போயிற்று. மியூரியலின் படுக்கையறைச் சுவர்க்காகிதம் கன்னம் போல உப்பி, பிறகு உரிந்து தொங்கியது. அவள் கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினாள். பிறகு சமையலறையில் படுத்தாள். மார்கழிக் குளிரில் அவள் இருமுவது சந்தைத் தாண்டி ஹெட்டியின் வீட்டுக்குள் கேட்கும். ஹெட்டி வானொலியைச் சத்தமாக வைப்பாள்.

பனி விலகியதும் டக்கி பிளாட் வந்தான். பக்கத்து ஊர்க் கொத்தன், புது வேன், சுவர் இடுக்கு வெட்டப் புது கட்டிங் மெஷின். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பேசுகிறவன். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாப் பெண்களையும் கண்ணு என்பான்.

மீன் வறுவல் கடை வரிசையில் நிற்கும்போது ஹெட்டி அதைக் கேட்டாள். டக்கி அவளுக்கு முன்னால் நின்று கடைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கடைசி வீட்டுச் சுவரு. முழுசும் சிமெண்ட். நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை."

"கீழ்ப்பாதிதானே?" என்றாள் ஹெட்டி பின்னாலிருந்து.

டக்கி திரும்பிப் பார்த்தான். "மேல கறுப்பு, கீழ சாம்பல் நிறம்னு விட்டா சுவரா கண்ணு அது, கழுதைப்புலியா? மேலயும் வெட்டி எடுத்துடுவேன். மெஷின் வெச்சா அரை நாள்."

ஹெட்டி வரிசையை விட்டு வெளியே வந்தாள். மீன் வாங்கவில்லை. நேராகப் போய், அந்தச் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக, மியூரியலின் கதவைத் தட்டினாள்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"என்ன வேணும், மிஸஸ் பார்ட்ஸ்லி?"

"அவனை வேண்டாம்னு சொல்லு."

"எவனை?"

"நடிக்காதே. இது மெத்துச் செங்கல்லு. இதுல சிமெண்ட் அடைச்சா உள்ள போன ஈரம் இடுக்கு வழியா வெளியே வராது, கல்லு வழியாத்தான் வரும். பனியில உறைஞ்சு கல்லோட முகம் உரிஞ்சு விழும். கறிக்கடைக்காரர் சுவத்தைப் போய்ப் பாரு. குஷ்டம் பிடிச்ச மாதிரி இருக்கு. அதுவும் இவன் கைவேலைதான்."

"என் கல்லு. அது முகத்தைப் பத்தி உனக்கென்ன கவலை?"

"கீழ எதை வேணும்னாலும் அப்பிக்கோ. சாணியை அப்பிக்கோ. மேல மட்டும் தொடாதே."

மியூரியல் சங்கிலிக்குப் பின்னாலிருந்து நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பசி இருந்தது. பல வருஷமாக எதைப் பிடித்து உலுக்கினால் இவளுக்கு வலிக்கும் என்று தேடியவளுக்கு அது கையில் கிடைத்துவிட்டது.

"ஓ, அதுதானா," என்றாள். "நாளைக்குக் காலையில ஆரம்பிக்கிறான். வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து பாரு. டீ வேணும்னா கூப்பிடறேன்."

கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் காலை தெருவே சந்தில் கூடிவிட்டது. ஹெட்டி நாற்காலி போடவில்லை. கதவில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தோம். கெஞ்சவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. இந்த உலகத்தில் அவள் புருஷன் மிச்சம் வைத்துப் போனது அந்தப் பாதிச் சுவர்தான். பிள்ளை இல்லை. கல்லறையில் பெயர் பொறித்தது மியூரியல். சுவரில்தான் அவன் கை இருந்தது.

டக்கி உச்சிக்கு ஏறி மெஷினை இயக்கினான். வீறிட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் கலைந்தன. வட்டத்தகடு முதல் இடுக்கில் இறங்கியது. கறுப்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. கீழே மியூரியல் நின்றிருந்தாள். தம்பி அடைத்த சாந்து அவள் நரைத்த தலையில், தோளில், நீட்டிய கையில் விழுந்தது.

அவள் ஹெட்டியைப் பார்க்கத்தான் திரும்பினாள். அவள் வலியை ரசிக்கத்தான். ஆனால் பார்வை பாதி வழியில் தன் உள்ளங்கைக்குப் போய்விட்டது. அந்தக் கறுப்புத் தூளையே பார்த்தாள்.

பிறகு வாசலில் கிடந்த துடைப்பத்தை எடுத்து ஏணியை அடித்தாள்.

"நிறுத்து. இறங்கு."

"கண்ணு, இப்பதானே—"

"நான் உன் கண்ணு இல்லை. இறங்கு கீழ."

டக்கி இறங்கினான். மெஷினை வேனில் போட்டான். "இந்தத் தெருவுல தண்ணியில ஏதோ கலந்திருக்கு," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். உச்சியில் ஒரு கல்லின் ஓரத்தில் வெட்டுக்காயம் மட்டும் மிஞ்சியது.

மியூரியல் சந்தைக் குறுக்காகக் கடந்து ஹெட்டியின் முன்னால் வந்து நின்றாள். தலையில் தூள் அப்படியே இருந்தது.

"நீ ஜெயிச்சுட்டதா நினைச்சுக்காதே."

"நினைக்கலை."

"மழை உள்ள வருது. கீழ்ப்பாதியை நீ செய்."

"என் விதி தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஏணியில கால் வெக்கணும். நீதான்."

மியூரியல் தன் கறுப்புக் காலணிகளைக் குனிந்து பார்த்தாள்.

"என் காலு உன் காலு மாதிரி இல்லை," என்றாள். "வெச்சா வெச்ச இடத்துல இருக்கும்."

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. ஹெட்டி சுவரை நனைத்தாள். சாந்தைக் குழைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பலகையில் எடுத்துக்கொண்டாள். மியூரியல் கீழ்ப்படியில் கால் வைத்தாள். தன்னைக் கொன்றுவிட்டால் நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒரே பெண்ணின் காலை நம்பி ஹெட்டி ஏறினாள்.

நோரிஸின் கை நின்ற இடத்துக்கு முகம் நேராக வந்தது. கீழிருந்து பார்த்தே பழகிய இடம். அருகில் வேறு மாதிரி இருந்தது.

சாந்து நின்ற இடத்துக்கு இடப்பக்கம், ஒரு கை தூரத்துக்கும் அப்பால், கரி படிந்த கல்லில் ஏணி முனைகள் சாய்ந்திருந்த தேய்ப்புகள் தெரிந்தன. அங்கிருந்து இரண்டு கீறல்கள் புறப்பட்டன. அவற்றின் மேல் கரி மறுபடி படிந்து, கிட்டே வந்தால்தான் தெரியும்படி மங்கியிருந்தன. அடி வழுக்கினால் ஏணி நேராகக் கீழே சரியும், கீறலும் நேராக விழும். இந்தக் கீறல்கள் நேராக இறங்கவில்லை. வில் போல வளைந்து பக்கவாட்டில் போயிருந்தன.

கடைசிச் சாந்துக் கோட்டைப் பார்த்தாள். நோரிஸின் கோடு எப்போதும் நூல் பிடித்தது போல இருக்கும். இது முடிகிற இடத்தில் மெலிந்து, கீழ்ப்பக்கமாகத் தொய்ந்திருந்தது. முழுக் கையையும் நீட்டி, இன்னும் ஒரு கல், இன்னும் ஒரே ஒரு கல் என்று எட்டியவனின் கோடு.

ஹெட்டி ஏணியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"என்ன, தூங்கிட்டியா?" கீழிருந்து குரல்.

"இல்லை."

"வேலையைப் பாரு. காலு மரத்துப் போகுது."

புதுச் சாந்து பழையதோடு பிடிக்க வேண்டுமானால் பழையதன் நுனியைச் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. நோரிஸ் கற்றுக்கொடுத்ததுதான். ஹெட்டி உளியை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். சுத்தியலால் மெதுவாகத் தட்டினாள். விரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதன் மேல் கரண்டி இழுத்த தடம் இன்னும் பளபளத்தது.

"என்ன எடுத்தே?"

"ஒண்ணும் இல்லை."

"பார்த்தேன். அது நோரிஸோடது. கொடு இங்க."

"முடியாது."

"என் சுவத்துல இருந்து விழுந்தது என்னுது."

"என் கையில இருக்கிறது என்னுது."

கீழிருந்து மியூரியலின் குரல் மிகத் தெளிவாக வந்தது. "கொடுக்கலைன்னா காலை எடுத்துடுவேன்."

"எடு. அப்புறம் நீயே ஹாம் வெட்டி எல்லாருக்கும் சாண்ட்விச் போடு."

"நீ எடுத்தியே. நான் எடுத்தா என்ன?"

ஹெட்டி கண்களை மூடித் திறந்தாள். இதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். இந்த ஊரில் அந்தக் கீறலைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கருஞ்சாந்தைக் கொஞ்சம் தடவினால் அதுவும் மறைந்துவிடும். தான் தப்பிப்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் சொன்னால் கீழே நிற்பவளும் தப்பிவிடுவாள். டீ ஆறுது என்ற அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை குளிர்காலம் சமையலறைத் தரையில் படுத்து இருமியிருப்பாள். அந்தத் தண்டனை அவளுக்கு வேண்டியதுதான் என்று நேற்றுவரை ஹெட்டி நம்பினாள்.

"உன் தம்பி ஒரு சோம்பேறி," என்றாள் ஹெட்டி.

"என்ன சொன்னே?"

"ஏணியை நகத்தலை. அதோ அங்க வெச்சுக்கிட்டு இங்க வரைக்கும் எட்டியிருக்கான். ஏணி பக்கவாட்டுல போயிருக்கு. கீறல் அப்படித்தான் இருக்கு. நான் காலு வெச்சிருந்தாலும் போயிருக்கும். பாதிரியார் நின்னிருந்தாலும் போயிருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ கூப்பிடாம இருந்திருந்தாலும்."

"எங்க நோரிஸைச் சோம்பேறிங்கிறியா?"

"ஆமா."

"அவன் உழைச்ச உழைப்புக்கு—"

"ஏணி நகத்தறதுல சோம்பேறி. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

ஹெட்டி ஏணிக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அடுத்த வசவுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. கம்மிய ஒரு குரல் வந்தது, அது மியூரியலுடையது என்று நம்பச் சற்று நேரமாயிற்று.

"சின்ன வயசுலயும் அப்படித்தான். மேசையில உப்பு அந்தக் கோடியில இருந்தா எழுந்திரிக்க மாட்டான். எட்டுவான். நாற்காலியோட விழுவான்."

ஹெட்டியின் கண்ணீர் சாந்துப் பலகையில் விழுந்தது. அதையும் சேர்த்துக் குழைத்துக்கொண்டாள். ஏணியின் அடியில் அந்தக் கால் இருந்தது. முன்பைவிட அழுத்தமாக இருந்தது போல அவளுக்குத் தோன்றியது.

"அதைக் கொடு எனக்கு," என்றாள் மியூரியல்.

"கொடுக்க மாட்டேன். நானும் வெச்சுக்க மாட்டேன்."

இடுக்கு ஆழமாக இருந்தது. ஆழமான இடுக்கில் பழைய துண்டு எதையாவது செருகி அடைப்பது வழக்கம்தான். ஹெட்டி உள்ளே சாந்து அப்பி, நோரிஸின் துண்டை அதில் வைத்து, கட்டைவிரலால் ஆழத்துக்கு அழுத்தினாள். மேலே புதுக் கருஞ்சாந்தை வைத்துக் கரண்டியை ஒரே இழுப்பாக இழுத்தாள். கோடு பழையதிலிருந்து புதியதற்குத் தடங்கலில்லாமல் ஓடியது.

"எங்க வெச்சே?"

"உன் படுக்கையறைச் சுவத்துக்குள்ள. இன்னும் ஈரம் வந்தா அவனைத் திட்டு."

அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த திங்கட்கிழமை விரிப்புகள் கயிற்றில் ஏறியதும் ஹெட்டி சல்லடையோடு வந்து உட்கார்ந்தாள்.

"வேணும்னே செய்யறே, ஹெட்டி."

"உன் சுவத்துக்குத்தான் சலிக்கிறேன், மியூரியல். வேண்டாம்னா சொல்லு."

மியூரியல் உதட்டைக் கடித்துக்கொண்டு விரிப்புகளை மறுபடி ஊறப்போட்டாள். மிஸஸும் மிஸ்ஸும் எங்கே போயின என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

வேலை இறங்கி இறங்கி வந்தது. ஈரச் சாக்குகள் போர்த்திய சுவர் மெல்ல மெல்ல முழுசாயிற்று. கடைசியில் ஏணியே தேவைப்படாத உயரத்துக்கு வந்துவிட்டது. ஹெட்டி தரையில் மண்டியிட்டு அடைத்தாள். மியூரியல் அப்போதும் வந்தாள். கால் வைக்கப் படி இல்லை. அதனால் பின்னால் நின்று குற்றம் கண்டுபிடித்தாள்.

"அந்தக் கல்லுக்கு அடியில விட்டுட்டே."

"விடலை."

"விட்டிருக்கே. எனக்குக் கண்ணு இருக்கு."

ஹெட்டி குனிந்து பார்த்தாள். விட்டிருந்தாள். அதையும் அடைத்தாள்.

கடைசி இடுக்கும் முடிந்தது. கரண்டியைச் சாக்கில் துடைத்துக்கொண்டு முட்டியைப் பிடித்து எழுந்தாள். மியூரியல் சுவரின் உச்சியிலிருந்து அடிவரை பார்த்தாள். பாராட்டு ஒன்றும் வரவில்லை. திரும்பி மூலை வரைக்கும் நடந்தவள் அங்கேயே நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"அடுப்புல டீ இருக்கு. நான் கூப்பிடப் போறதில்லை. வேணும்னா நீயே வந்து எடுத்துக்கோ."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்," என்றாள் ஹெட்டி.

கைகளை வாளியில் கழுவினாள். ஏணியைக் கிடையாகத் தரையில் படுக்க வைத்தாள். அது உருளாதபடி இரண்டு பக்கமும் கல் வைத்தாள். அதன் பிறகு, அவசரமே இல்லாமல், மூலையைத் திரும்பி உள்ளே போனாள்.